ப்ளே ஸ்டோரில் சுங்கம் வைப்பது யார்?

அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டுபவருக்கோ, பெரம்பலூரிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போன பையனுக்கோ வரன் தேடும் வீடுகள், தரகரோடு நிற்காமல் கைபேசிக்கும் வந்து வெகுநாளாகிறது. 2024 மார்ச் 1ஆம் தேதி அப்படி வரன் தேடும் செயலிகள் சில கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி அவற்றில் ஒன்று. பட்டப்படிப்பு இல்லாதவர்களுக்கென்று அதே நிறுவனம் நடத்தும் ஜோடி இன்னொன்று. வேலை தேடித் தரும் நௌக்ரியும் அதே பட்டியலில் இருந்தது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களுக்குச் செயலி ஓடியது. புதிதாக இறக்கப் போனவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

அரசு தடை செய்யவில்லை, நீதிமன்றம் நீக்கச் சொல்லவும் இல்லை. கட்டணத் தகராறில் கூகுள் தானாக எடுத்த முடிவு அது.

தகராறு இதுதான். செயலிக்குள் சந்தா, பாட்டு, விளையாட்டு போல கையில் தொட முடியாத பொருளை விற்றால் கூகுளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். சந்தாவுக்கு நூற்றுக்குப் பதினைந்து. வருமானம் பெரிதாக உள்ளவர்களின் மற்ற விற்பனைக்கு முப்பது வரை. புடவையோ பிரியாணியோ விற்றால் இந்தப் பங்கு கிடையாது. பணத்தையும் கூகுளின் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று முதலில் விதி இருந்தது. அது தவறு என்று இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. அபராதத்துக்குப் பிறகு வேறு வழியில் பணம் வாங்கக் கூகுள் அனுமதித்தது. ஆனால் பங்கில் குறைத்தது நூற்றுக்கு நான்குதான். 1,000 ரூபாய் சந்தாவை வாடிக்கையாளர் வேறு வழியில் கட்டினாலும் கூகுளுக்கு 110 ரூபாய் போகும்.

கூகுள் தரப்பிலும் வாதம் இருக்கிறது. ஸ்டோரை நடத்த, மோசடிச் செயலிகளைப் பிடிக்க, ஆண்ட்ராய்டை வளர்க்கச் செலவாகிறது. பெரும்பாலான செயலிகள் எதுவும் கட்டுவதில்லை. உண்மைதான். கேள்வி அந்த விகிதத்தை யார் எழுதுகிறார் என்பதில்தான்.

ஊர் வாரச்சந்தையை உள்ளாட்சி ஏலம் விடுகிறது. குத்தகை எடுத்தவர் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கிறார். கூடுதலாகக் கேட்டால் வெங்காயம் கொண்டு வந்தவர் சண்டை போடலாம், ஏனென்றால் விகிதத்தை முடிவு செய்தது குத்தகைதாரர் அல்ல. ப்ளே ஸ்டோரில் சந்தைக்குச் சொந்தக்காரர், குத்தகைதாரர், விகிதம் எழுதுபவர் மூவரும் ஒருவரே. போதாக்குறைக்கு, யூடியூப் மியூசிக் என்று அவரே அங்கே கடையும் விரித்திருக்கிறார். பிடிக்காவிட்டால் வேறு சந்தைக்குப் போகலாமே என்றால், இந்தியாவின் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான்.

இணையத்தின் இன்னொரு வாசலான அலைக்கற்றையைப் பற்றிப் பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தொகுதியில் மூன்று முறை வென்ற ஆ. இராசா 2007 முதல் 2010 வரை தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். 2008 ஜனவரி 10 அன்று அலைக்கற்றை உரிமங்கள் ஒதுக்கப்பட்டதும், 2010இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வந்ததும், 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும், 2017 டிசம்பர் 21 அன்று அந்த ஒதுக்கீட்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்ததும், சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனதும் ஊரறிந்த கதை. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் இன்றும் வாதிடலாம். அப்படி வாதிட முடிவதே அங்கே கோப்பு இருந்ததால்தான். அலைக்கற்றை பொதுச்சொத்து. யாருக்கு, எந்த விலைக்கு, எந்த வரிசையில் என்று தணிக்கையாளர் கேட்டார், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்றே முடங்கியது, நீதிமன்றம் ஏடுகளைப் புரட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ போன்ற, சில தளங்களுக்கு மட்டும் சலுகை தரும் திட்டங்களைத் தடுத்தபோதும் முதலில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஒரு செயலியை நீக்கும் முடிவுக்கு இப்படி எந்த ஏடும் நமக்குத் திறந்து கிடப்பதில்லை.

மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் இல்லை. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம், உரிமையியல் வழக்காக நிற்காது என்று 2023 ஆகஸ்டில் வழக்குகள் நிராகரிக்கப்பட்டன. 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தோற்றது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்தது. மார்ச் 1 அன்று செயலிகள் போயின. ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் கூகுளை அழைத்துப் பேசிய பிறகு, சில நாள்களில் திரும்பி வந்தன. அதே மாதம் 15ஆம் தேதி போட்டி ஆணையம் இந்தக் கட்டணமுறை பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது.

அமைச்சர் பேசித் தீர்த்ததைப் பலர் வெற்றி என்றார்கள். எனக்கு அது பஞ்சாயத்தாகத்தான் படுகிறது, விதியாக அல்ல. பங்குச்சந்தையில் பெயர் உள்ள நிறுவனங்கள் கூப்பிட்டால் அமைச்சர் வருவார். பெரம்பலூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்து, மக்காச்சோள விலை சொல்லும் செயலி செய்த இருவருக்கு யார் வருவார்கள்?

நம் போட்டிச் சட்டம் தவறு நடந்த பிறகு விசாரிப்பது. விசாரணைக்கு வருடங்கள் ஆகும். சிறு நிறுவனம் அதுவரை தாங்காது. தென்கொரியா 2021லேயே செயலிச் சந்தைகள் தங்கள் கட்டண வழியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாசல் காப்போர் என்று சில பெருநிறுவனங்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, செய்யக் கூடாதவற்றை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வந்தன. அதே மார்ச்சில் இந்தியாவிலும் அரசு அமைத்த குழு எழுதிய டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு வெளியானது. முன்கூட்டியே விதி வைத்தால் புதுத் தொழில் வளராது என்ற எதிர்ப்பும் உடனே கிளம்பியது.

இப்போதுள்ள சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பாதிக்கப்பட்ட நிறுவனம்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விழுந்ததே, அந்த வழக்கைத் தொடங்கி வைத்தது போட்டி நிறுவனம் எதுவும் அல்ல, தனிநபர்கள் சிலர் கொடுத்த மனு. 2019இல் தொடங்கிய விசாரணை முடிவுக்கு வர மூன்றரை ஆண்டு ஆனது.