இரட்டை அம்பு

2022 நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்த வாரம். கெலுகோர் வீட்டில் அப்பா கைப்பேசியை நீட்டினார். 1969 மே 13 கலவரம் திரும்பும் என்று மிரட்டும் காணொளி. "ரெண்டு நாளைக்கு வெளிய போகாதம்மா" என்றார். டிக்டாக்கில் அப்படிப்பட்டவை பரவி, போலீஸ் எச்சரித்திருந்த நேரம் அது.

"பொய்ப்பா" என்றால் கோபம் வரும். அந்த நாள்களின் பயத்தை அறிந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து, காணொளிக்கு மேலிருந்த இரட்டை அம்பைக் காட்டினேன். புலனத்தில் பலர் கை மாறி வந்ததற்கு அதுவே அடையாளம். யார் எடுத்தது, எங்கே, எப்போது? காணொளியில் பதில் இல்லை. தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' அகப்பக்கத்தில் செய்திகளைச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது அப்பாவே நண்பர்களைக் கேட்கிறார்: "அம்பு எத்தனைன்னு பார்த்தியா?"

உங்கள் வீட்டுப் பெரியவரோடும் பத்து நிமிடம் உட்காருங்கள்.