சிங்கப்பூர் கிட்ட, சென்னை எட்ட

சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் அச்சாகும் இந்த ஒரு மணியை நம்பிச் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குக் கிளம்புகிறவர் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச்சேர ஒரு மணி, பாதுகாப்புச் சோதனையும் காத்திருப்புமாக ஒன்றரை மணி, பறப்பது ஒரு மணி, பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் காரில் ஒன்றரை மணிக்கு மேல். எல்லாம் சேர்ந்தால் ஐந்தரை மணியைத் தாண்டிவிடும். சாலை வழியாக 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் ஏழு மணி நேரம். பல்லவன் விரைவு ரயிலும் காரைக்குடிக்கு அதே அளவுதான் எடுத்துக்கொள்கிறது. ஆக, சாலையைவிடப் பல மடங்கு வேகமாகப் பறந்தும் மிச்சமாவது ஒன்றரை மணிக்குள்.

வேகம் எங்கே போனது? காத்திருப்புக்கும் கடைசிச் சாலைக்கும் ஆகும் நேரம், பறக்கும் தூரம் குறைந்தாலும் குறைவதில்லை. அதனால்தான் சிங்கப்பூர்க் கணக்கு வேறு மாதிரி வருகிறது. திருச்சிக்கு அங்கிருந்து வான்வழி சுமார் 3,000 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து பள்ளத்தூர் வாசல்வரை பத்து மணிக்குள் முடிந்துவிடும். பறக்கும் தூரம் பத்து மடங்கு, மொத்த நேரமோ இரண்டு மடங்குகூட இல்லை. (கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளுவதால், இரவு எட்டு மணிக்கு ஏறியவர் ஒன்பதரைக்கே திருச்சியில் இறங்குகிறார்.) பள்ளத்தூர் ஏ.எம்.முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவின் மௌல்மேனில் லேவாதேவித் தொழில் தொடங்கிய காலத்தில் அங்கே போவதென்றால் நாள்கணக்கில் கப்பல். கடல்தாண்டிய தூரத்தைத்தான் விமானம் உண்மையிலேயே சுருக்கியது. சென்னைத் தூரத்தை அவ்வளவாகத் தொடவில்லை.

அப்படியானால் செட்டிநாட்டில் கிடக்கும் பழைய ஓடுதளத்தைத் திறந்துவிட்டால் அந்த 80 கிலோமீட்டரும் மிச்சமாகுமே என்பார்கள். வாதம் சரிதான், விமானம் நிறைய இருந்தால். சின்ன ஊர்களுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு விமானம் வருவதே அரிது. சேலத்தைப் பார்க்கலாம்: 2018இல் சென்னைக்குச் சேவை தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. ஒரே விமானத்துக்காக அரை நாள் காத்திருப்பவருக்கு அருகில் ஓடுதளம் இருந்து என்ன லாபம்? நீண்ட நேரம் உட்கார முடியாத வயதான ஆச்சிகளுக்கும் நோயாளிகளுக்கும் விமானம் சுகம் என்பது இன்னொரு வாதம். அதை மறுக்க முடியாது. ஆனால் ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலில் படுத்துத் தூங்கி, விடியும் முன்பே காரைக்குடியில் இறங்குகிறவர் தன் பகல் பொழுதில் எதையும் இழப்பதில்லை.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகர நெரிசலுக்குள் நுழையாமலே தெற்கே திரும்பிவிடலாம். 2024 ஜனவரியில் அங்கே புதிய முனையமும் திறந்தாயிற்று. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து ஊர்களுக்கு இனித் தேவை, சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் இறங்கும் நேரத்துக்கு நிலைய வாசலிலிருந்தே காரைக்குடிக்குப் புறப்படும் பேருந்துகள். ஓடுதளம் போடுவதைவிட அது மலிவு, சீக்கிரமும் நடக்கும்.