வானிலிருந்து பார்த்தால் செம்பனையும் காடுதான்

புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு, மரம் என்றால் பாட்டன் காலத்தில் பால்மரம், பேரன் காலத்தில் செம்பனை. அதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட ஊருக்கு அருகேயுள்ள தெனமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோகோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் வணிக நோக்கத்தோடு செம்பனையை நட்டார். மலாயாவில் அதுவே அவ்வகையில் முதல் முயற்சி. நூறாண்டு கழித்து அந்த மரத்தின் பசுமையையும் காட்டின் பசுமையையும் வேறு பிரித்தறிவது விண்கோள் விஞ்ஞானிகளுக்கே ஒரு பிரச்சினையாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

பிரித்தறியும் அந்த வித்தை இன்று பொருளில்லாதவனுக்கும் எட்டியிருக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஆய்வுக்கூடத்தில் 1982இல் தோன்றிய 'கிராஸ்', அலாஸ்காவில் கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய 'கியூஜிஐஎஸ்' ஆகிய மென்பொருள்கள், மூலநிரலையே உலகத்தாருக்குத் திறந்துவைத்திருக்கும் சாதனங்கள். லாண்ட்சாட் படங்களை அமெரிக்கா 2008இல் இலவசமாக்கியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 விண்கோள் 2015இல் ஏவப்பட்டு, 2017இல் அதற்கு ஓர் இணையும் சேர்ந்தபின், பத்து மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை நம் தோட்டங்களின்மேல் பார்வையைச் செலுத்திச் செல்கிறது. மேகம் மறைத்தால் அப்பார்வை பயனற்றுப்போகும். மேகத்தையும் ஊடுருவும் ராடார்க் கண் வேண்டுவோருக்குச் சென்டினல்-1 இருக்கிறது.

கற்கப் புகுந்தவன் முதலில் தடுமாறுவது பரப்பளவில்தான். படத்தைத் திறந்து ஒரு தீம்பாரை, அதாவது தோட்டப் பிரிவை, கோடிட்டுச் சுற்றி, அது எத்தனை ஹெக்டர் என்று கேட்டால், கணினி சிலவேளை பொருளற்ற ஒரு பின்னத்தைக் காட்டும். ஏனெனில் அது மீட்டரில் அளக்காமல் பாகையில் அளந்திருக்கும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறையில் 47ஆம் வடமண்டலத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் அதே கோடு ஒழுங்கான எண்ணைத் தருகிறது. சிவப்பொளியை விழுங்கி அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்புவது ஆரோக்கியமான இலையின் சுபாவம் என்பதும், அவ்விரண்டின் வேறுபாட்டைக் கணக்கிட்டே பசுமையின் அளவு சொல்லப்படுகிறது என்பதும் இதற்கு அடுத்த பாடம்.

உண்மையான சங்கடம் இதற்குப் பிறகே ஆரம்பமாகிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து மேத்யூ ஹான்சனும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட உலகப்படம், மரப்போர்வை அழிந்த இடங்களைச் சுட்டிக்காட்டுகிறது. ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும் அதன் கணக்கில் மரமே. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டில் முதிர்ந்த செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்வது தோட்டத்தில் வழக்கமான காரியம். ஆனால் அந்தப் படத்தில் அதுவும் 'இழப்பு'. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் கால்வாய்களை அடைத்து, கரிச்சதுப்பை நனைத்து, மீண்டும் மரம் வளர்க்கப் பாடுபட்டுவரும் ராஜா மூசா காட்டில் ஒரு மூலை எரிந்துபோனால், அதுவும் அதே நிறத்தில்தான் தோன்றும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, காடு போயிற்று என்று புலம்புகிற அறிக்கைகளும் உண்டு. இதெல்லாம் மறுநடவுதான் என்று சாதித்து, மெய்யான அழிவை மூடிமறைக்கிற வாய்ச்சாலகங்களும் உண்டு.

இந்த விவகாரத்தைத் தீர்ப்பதற்குத் தோட்டத்து மனிதனைவிடத் தகுதியுடைய சாட்சி யார்? செம்பனைத் தோட்டங்களில் பிரிவின் முகப்பிலேயே நடவு ஆண்டையும் பரப்பையும் எழுதிப் பலகை நிறுத்துவது வழக்கம். கைப்பேசியால் அந்த இடத்தின் ஆயத்தொலைகளைக் குறித்து வந்து, படத்தின் பண்பு அட்டவணையில் 'நடவு ஆண்டு' என்று ஒரு பத்தியைச் சேர்த்து நிரப்பினால், எது மறுநடவு, எது அத்துமீறல் என்பது பிரத்தியட்சமாகிவிடும். பால்மரக் காலத்துக் காகிதப் படம் எவர் வீட்டிலாவது இருக்குமானால், அதையும் ஒளிவருடி, கோயில், சாலைச் சந்தி, ஆற்று வளைவு ஆகிய மாறாத புள்ளிகளை ஒன்றோடொன்று பொருத்திவிட்டால், லயங்கள் இருந்த இடம்கூட இன்றைய விண்கோள் படத்தின்மேல் வந்து அமர்கிறது. ஏக்கரில் எழுதிய கணக்கை ஹெக்டருக்கு மாற்றுகிற சிறு தொல்லை மட்டும் பாக்கி.

அபிவிருத்தி ஒத்துழைப்பு என்ற பெயரில் செல்வநாடுகள் செய்யும் உபகாரங்களில் மெச்சத்தக்கவை இத்தகைய திறந்த கருவிகளும் இலவசப் படங்களுமே என்பது என் அபிப்பிராயம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 'ஓப்பன் ஃபோரிஸ்' கருவிகளும், 2020 முதல் சில ஆண்டுகள் நார்வே பணம் செலுத்தி வெப்பமண்டலக் காடுகளின் கூர்மையான படங்களை யாவரும் காணச்செய்ததும் அந்த வரிசையைச் சேர்ந்தவை. நிபுணர் வந்து படம் வரைந்து திரும்பிப்போவதைக் காட்டிலும், வரையும் கருவியை விட்டுச்செல்வது மேல்.

ஆனாலும் விண்கோளுக்கு எட்டாதவை உண்டு. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகள், புழுப்பருவத்தில் கரைக்கு உள்ளே ஈரநிலத்தில் நத்தைகளை உண்டு வளர்பவை. ஆகவே கரையோரத்து மரம் தப்பினாலும், அதன் பின்னேயுள்ள நிலம் செம்பனைக்காகத் திருத்தப்பட்டுவிட்டால் மின்மினி குறைந்துபோகும். ஓரிரு மர அகலமே உள்ள அக்கரைப் பசுமை பத்து மீட்டர்ச் சதுரத்தில் நீரோடும் நிப்பா பனையோடும் கலந்து மங்கிவிடுகிறது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தினர் அங்கே இரவில் கேமராவால் படமெடுத்து, ஒளிப்புள்ளிகளைக் கணினியில் அளந்து, மின்மினிகளின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணித்திருக்கிறார்கள். ஆற்றின் இருமருங்கிலும் ஐம்பது மீட்டர்ப் பட்டையொன்றை வரைந்து, அதற்குள் எந்த நிலம் எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பதை மேற்சொன்ன நடவு ஆண்டுப் பத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, இம்மாவட்டத்து இளைஞர் ஒருவர் இன்றே செலவின்றித் தொடங்கக்கூடிய வேலை.