நத்தையின் நரம்பும் பூமியின் காந்தமும்

ஐப்பசி மழை விட்ட காலையில் மதுரைக் கோச்சடைப் பக்கத்து வாய்க்கால் கரையில் குனிந்து பார்த்தால், ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த நத்தை மெல்லத் தலைநீட்டி, கொம்புகளால் ஈர மண்ணைத் தடவிச் சற்றே தயங்கி நின்று, பிறகு ஏதோ ஒரு திக்கை நிச்சயித்துக்கொண்டதுபோல் ஊரத் தொடங்குவதைக் காணலாம். அந்த நிச்சயத்தில் பூமியின் காந்த சக்திக்கும் பங்குண்டோ என்ற கேள்வியை விஞ்ஞானிகள் மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்திருக்கிறார்கள்.

மதுரை வட்டாரத்தில் அந்தச் சக்தி சுமார் 40 மைக்ரோடெஸ்லா. சாதாரணக் காந்தத் துண்டொன்றை ஒட்டினாற்போல் இருக்கும் பலத்தில் நூறில் ஒரு பங்கும் தேறாது. இத்தனை சூக்ஷ்மமான ஒன்றை ஒரு நரம்பணு உணருமா என்று சோதிக்க நத்தையினத்தைப்போல் உகந்த பிராணி வேறில்லை. நம் மூளையின் அணுக்கள் நுண்ணோக்கியின்றிப் புலப்படா. ஆனால் நத்தையினத்துச் சிலவற்றில் தனியொரு நரம்பணு வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பருத்திருப்பதால், நிறத்தாலும் இடத்தாலும் அதை அடையாளம் கண்டு, பெயரும் எண்ணும் இட்டு, மறுநாள் வேறொரு பிராணியினுள்ளும் அதே அணுவைத் தேடிப் பிடித்து, உப்புக் கரைசல் நிரப்பிய, மயிரினும் மெல்லிய கண்ணாடி முனையைச் செருகி, அதன் மின்துடிப்புகளை எண்ணிவிடலாம்.

ட்ரைட்டோனியா என்னும் ஓடில்லாத கடல் நத்தையிடம் கென்னத் லோமனும் டென்னிஸ் வில்லோஸும் செய்தது இதைத்தான். பூமியின் காந்தத்தைக் கொண்டு இப்பிராணி திசையறிகிறது என்று 1987-இல் அறிவித்தவர்கள், 1991-இல் அதன் பாத நரம்பு முடிச்சின் ஐந்தாம் அணுவை எடுத்துக்கொண்டு, பூமியினது அளவேயான காந்தப் புலத்தின் திசையைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். உடனே ஒன்றும் நிகழவில்லை. பல நிமிஷங்கள் கழிந்த பின்னரே துடிப்புகள் பெருகின. உடலினின்று பிரித்தெடுத்த மூளையிலோ அந்த மாறுதல் தோன்றவேயில்லை. ஆகவே காந்தத்தை உணரும் உறுப்பு மூளைக்கு வெளியே எங்கோ இருத்தல் வேண்டும். ட்ரைட்டோனியா தன் பாதத்து நுண்ரோமங்களை அசைத்தே ஊர்வது. அந்த ரோமங்களை விரைவுபடுத்தும் ரசாயனப் பொருளை இவ்வணுவும் தருகிறது என்பதைப் பின்னால் அறிந்தபோது, திசையுணர்வுக்கும் நடைக்கும் ஒரு தொடர்பு தென்படலாயிற்று.

முன்னரே, 1960-இல், ஃபிராங்க் பிரௌன் என்னும் அமெரிக்கர் சேற்று நத்தைகள் மெல்லிய காந்தத்தால் திசை மாறுவதைக் கண்டு, ஜீவராசிகளின் நாட்கடிகாரத்தையே இத்தகைய புறசக்திகள்தாம் இயக்குகின்றன என்று வாதித்தார். அந்த வாதத்துக்கு ஒரு பதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழுவினர் செய்த வௌவால் ஆராய்ச்சியில் கிடைக்கிறது என்பது என் எண்ணம். ஒளி புகாத குகையில் தனித்து அடைபட்ட வௌவால், கூட்டத்தார் அதே குகையில் உறைந்தவரை அவர்களோடு ஒத்துப் பறந்தது. கூட்டம் இல்லாதபோது அதன் நாட்கணக்குச் சிறிது சிறிதாகப் பிசகி நகர்ந்தது. பாறையையும் ஊடுருவும் பூமிக் காந்தம் அந்தக் குகைக்குள்ளும் குறையாமல் இருந்ததே! காந்தமே கடிகாரத்தை ஓட்டுவதாயின் அந்தப் பிசகு நேர்ந்திராது. ஆதலால் நத்தையின் நரம்பு காந்தத்தை அறிவது திசைக்காக என்பதையே நான் நம்புகிறேன்.

நம் தென்பாண்டி நாட்டை ஒட்டிக் காந்த பூமத்தியரேகை செல்வதனால் இங்கே காந்த ஊசி ஏறக்குறையப் படுத்த வாக்கில் வடக்கும் தெற்குமாகக் கிடக்கும். வடபுலங்களிற்போல் வெகுவாகத் தலை சாய்ப்பதில்லை. வாய்க்கால் கரை நத்தைக்கு அந்த உணர்வு இருக்குமானால், அதற்குக் கிட்டுவது இந்தக் கிடையான சாடை ஒன்றுதான்.