வீட்டு மண்புழுத் தொட்டி: தீனியின் அளவே அதன் ஆயுள்

டெல்லியின் கிழக்கெல்லையில் உள்ள காஜிப்பூர் குப்பைக் கிடங்கு 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டிலேயே அதன் கொள்ளளவு நிறைந்துவிட்ட போதிலும் அங்குக் குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பரில் அக்குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். சமையலறையின் ஈரக்கழிவு பிற குப்பையோடு கலந்து இத்தகைய கிடங்குகளுக்குச் சென்று, காற்றுப்படாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. அங்கு அடிக்கடி தீப்பற்றுவதற்கு இவ்வாயு ஒரு முக்கிய காரணமாகும். ஈரக்கழிவை வீட்டிலேயே தனியாகப் பிரித்துக் கொடுப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கடமையாக்கின. பிரித்த கழிவை வீட்டை விட்டே வெளியேற்றாமல் உரமாக்கிக்கொள்ளும் வழிகளுள் ஒன்று மண்புழுத் தொட்டி.

ஆர்வத்தோடு தொட்டி வைப்போர் பலர். ஓராண்டு கழித்தும் அதனைக் காப்பாற்றி வைத்திருப்போர், நான் அறிந்த வரையில், மிகச் சிலரே. கைவிடப்பட்ட தொட்டிக்குரிய கழிவு மறுநாள் முதல் மீண்டும் கிடங்கை நோக்கியே செல்கிறது. ஆகவே, தொட்டி ஏன் கெடுகிறது என்பதை ஆராய்வது பயனுடையது.

எனது முதல் தொட்டியும் கெட்டதுதான். வீட்டில் நால்வர், நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ காய்கறித் தோலும் பழத்தோலும் சேரும். வாங்கியது ஒரு கிலோ புழு. நல்ல சூழ்நிலையில் புழுக்கள் நாள்தோறும் தம் எடையில் பாதியளவு உண்ணும் என்பது பொதுக்கணக்கு. அப்படியாயின் அரை கிலோ தீரும். கால் கிலோ மிஞ்சும். இருபது நாளில் ஐந்து கிலோ கழிவு தேங்கிவிடும். பொருளாதாரம் பயின்றவன் இத்தேக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும்; நானோ தொட்டியைக் குப்பைக்கூடையாகவே கருதிவிட்டேன். அது குப்பைக்கூடை அன்று. கறவை மாட்டைப் போல அளவறிந்து தீனியிட்டு வளர்க்க வேண்டிய உயிர்.

தேங்கிய கழிவு செய்யும் தீங்கு இருவகைப்படும். ஒன்று, அது புளித்து வெப்பத்தை எழுப்புகிறது. மற்றொன்று, அதிலிருந்து கசியும் நீர் படுகையின் இடைவெளிகளை நிரப்பிக் காற்றைத் தடுக்கிறது. மண்புழு தோலினால் சுவாசிப்பது. தோல் ஈரமாகவும் இருக்க வேண்டும், காற்றும் வேண்டும். புழுக்கள் தொட்டியின் சுவரில் ஏறி மூடியின் அடியில் திரளுமாயின் அவை காற்றைத் தேடுகின்றன என்றே கொள்ளலாம். புளித்த நாற்றமும் நூல் போன்ற சிறு வெண்புழுக்களின் பெருக்கமும் புளிப்பும் ஈரமும் மிகுந்ததைக் காட்டும். எறும்பு மொய்த்தால் பெரும்பாலும் படுகை உலர்ந்துவிட்டது என்று பொருள்.

நாற்றம் எழுந்தவுடன் பலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகின்றனர். அது தேவையற்றது. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தீனியை நிறுத்தி, மேலடுக்கைக் கையால் இளக்கி, கிழித்த செய்தித்தாளையோ உலர்ந்த சருகையோ கலந்தால் போதும். பொடித்த முட்டையோடு ஒரு பிடி தூவினால் புளிப்பு மெல்லத் தணியும். படுகையை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டுமே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தால் ஈரம் மிகுதி.

புழுவுக்குப் பல் இல்லை. நுண்ணுயிர்கள் மென்மையாக்கிய பொருளையே அது உண்கிறது. எனவே கழிவைச் சிறிதாக நறுக்கி, இரண்டு மூன்று நாள் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்து இடுவது நலம். முதல் இரண்டு வாரங்களுக்குக் கணக்கில் கண்ட அளவில் கால்பங்கே போதுமானது. முன்னர் இட்டது பெரும்பாலும் மறைந்த பின்னரே அடுத்ததை இட வேண்டும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த உணவு, மீன், இறைச்சி ஆகியன கூடா. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களை மிகுதியாக இடுதலும் ஆகாது. படுகைக்குச் சாணம் பயன்படுத்துவோர் புதுச்சாணத்தைத் தவிர்த்து, சூடு தணிந்த இரண்டு மூன்று வாரச் சாணத்தையே கொள்ள வேண்டும்.

எந்தப் புழு என்பதும் முக்கியம். தோட்டத்து மண்ணில் ஆழத் துளைக்கும் புழு தொட்டியில் வாழாது. மேற்பரப்பில் மக்கும் பொருளில் வாழும் இனமே வேண்டும். இதனாலேயே ஆழமான வாளியைவிட ஓரடி ஆழமுள்ள அகன்ற தொட்டி சிறந்தது. பரவலாக விற்கப்படும் ஐசீனியா ஃபெடிடா 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை செழிக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பதரிது. யூட்ரிலஸ் யூஜினியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. விரைந்து வளரும், ஆயின் குளிர் பொறாது. நம் நாட்டில் இயல்பாகவே காணப்படும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் வெப்பத்தைச் சற்றுத் தாங்கும். ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டினங்களைக் கலந்து விடுவதே வடநாட்டுத் தட்பவெப்பத்திற்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

மேற்கு வெயில் படும் பால்கனியில் வைத்த எனது தொட்டியில் எஞ்சியிருந்த புழுக்களை மே மாத வெப்பமே முடித்துவைத்தது. 40 டிகிரியைக் கடக்கும் டெல்லிக் கோடையில் பிளாஸ்டிக் தொட்டி அடுப்பாகிவிடும். இப்போதையது மண் தொட்டி. மார்ச் இறுதியிலேயே அதனை வீட்டினுள் நிழலுக்கு மாற்றி, ஈரக் கோணியால் மூடி, தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். மிஞ்சும் கழிவு அந்த மூன்று மாதமும் மாடியிலுள்ள சாதாரண உரத்தொட்டிக்குப் போகிறது. டிசம்பர், ஜனவரியில் கோணியின் மேல் சருகு ஓரடுக்கு பரப்பினால் போதும்.

உரம் கறுத்துத் தேயிலைத்தூள் போலானதும் படுகையை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் மட்டும் புதுத் தீனியிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழுக்கள் தாமே அங்குச் சென்றுவிடும். எடுத்த உரத்தில் எலுமிச்சை வடிவில், கடுகினும் சற்றே பெரிதாக மஞ்சள் நிற முட்டைக்கூடுகள் தென்படும். அவற்றைப் பொறுக்கித் தொட்டியிலேயே இட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சுகள் வெளிவரும்.