டிராக்டருக்கு எந்த டயர்? வேலையைப் பார்த்து வாங்குங்கள்

டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறன் எவ்வளவு, டீசல் எவ்வளவு குடிக்கும், தவணை எத்தனை ஆண்டு என்று பல கேள்விகளைக் கேட்கும் உழவர்கள், டயரைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. கம்பெனி மாட்டிக் கொடுத்த டயரே தேயும் வரை ஓடுகிறது. புதிய ஜோடி வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் எதை வாங்குவது என்ற குழப்பம் வருகிறது. கடைக்காரர் கையிருப்பில் உள்ளதைக் காட்டுவார். பட்டன் உயரமாக இருப்பதே நல்ல டயர் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அதை நம்பி வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர்.

சேற்றிலும், காய்ந்த நிலத்திலும், தார்ச் சாலையிலும் ஒரே மாதிரி சிறப்பாக ஓடும் டயர் கிடையாது. ஆகவே நம் டிராக்டர் எங்கே அதிகம் ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே டயர் வாங்க வேண்டும்.

வேலை நேரக் கணக்கு

டிராக்டரின் மணி காட்டும் மீட்டரைப் பார்த்து ஓர் ஆண்டுக் கணக்கை நோட்டில் எழுதி வைக்கலாம். சேற்றுழவு எத்தனை மணி, புழுதி உழவு எத்தனை மணி, டிரெய்லர் இழுத்தது எத்தனை மணி என்று மூன்று பத்திகள் போதும். காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் உழவர் குறுவைக்கும் சம்பாவுக்குமாகச் சில வாரங்கள்தான் தொளி அடிக்கிறார், மற்ற நாட்களில் நெல் மூட்டை, வைக்கோல், எரு ஏற்றிச் சாலையில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம் நஞ்சை உழவர் என்று அவர் நினைப்பார். ஆனால் நோட்டைப் பார்த்தால் அவருடைய டயர் சாலையில்தான் அதிகம் தேய்கிறது என்பது தெரியும்.

இருவகைப் பட்டன்கள்

பின்டயரின் மேல் சாய்வாகப் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகளையே பட்டன் என்கிறோம். சாதாரண உழவு டயர் ஆர்-1 வகையைச் சேர்ந்தது. நெல், கரும்பு வயல்களின் ஈரச் சேற்றுக்கென அமைந்தது ஆர்-2 வகை. இதன் பட்டன்கள் ஆர்-1 வகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் கொண்டவை. பட்டன்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் அதிகம். அதனால் சேறு ஒட்டிக்கொள்ளாமல் உதிர்ந்து, பிடிப்புக் கிடைக்கிறது.

அதே உயரமான பட்டன் கெட்டியான சாலையில் பாரத்தோடு ஓடும்போது வளைந்து நெளிகிறது. டயர் சூடேறி விரைவில் தேய்கிறது. அதிர்வும் மிகுதி. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி சேற்றிலேயே உழைக்கும் டிராக்டருக்கு மட்டும் ஆர்-2 பொருந்தும்.

மேலே சொன்ன உழவரைப் போலச் சில வாரங்கள் மட்டும் தொளி அடிப்பவர்கள் ஆர்-1 டயரையே வாங்கி, அந்த வாரங்களுக்கு மட்டும் கேஜ் வீல் மாட்டிக்கொள்வது சிக்கனமானது. கேஜ் வீலை வயலோரத்தில் மாட்டி, வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றிவிட வேண்டும். அதோடு தார்ச் சாலையில் ஏறக் கூடாது. புஞ்சை நிலத்துக்கும் ஆர்-1 டயரே ஏற்றது.

எண்களைப் படிக்கும் முறை

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று இருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று பொருள். கம்பெனி குறித்த அளவையே வாங்க வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டரில் முன், பின் டயர்களின் அளவு ஒன்றுக்கொன்று கணக்காக அமைந்திருக்கும். ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் கியர்கள் கெடும்.

நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் பல ஆண்டு கிடந்து வெடிப்பு விட்ட டயரை மலிவு என்று வாங்கக் கூடாது.

மாட்டும்போது அம்புக்குறியின் திசை முக்கியம். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல, முனை மேல்நோக்கித் தெரிய வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேறு உதிராது, பிடிப்பும் குறையும்.

காற்றும் ஒரு கருவியே

1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்று டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை டிராக்டர்கள் பெரும்பாலும் இரும்புச் சக்கரங்களில்தான் ஓடின. காற்று டயர் பாரத்தால் சற்றே அமுங்கி, மண்ணை அகலமாகத் தொடுகிறது. பிடிப்பும் டீசல் மிச்சமும் அதனால்தான் கிடைக்கின்றன. லாரி டயரைப் போல இதையும் கல்லாக அடித்து வைத்தால் அந்தப் பயன் போய்விடும்.

உழவின்போது பின்டயருக்குப் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு காற்றும், டிரெய்லர் இழுக்கும்போது 16 முதல் 18 பவுண்டும் போதும். கம்பெனி கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். வயலில் காற்று மிகுந்தால் சக்கரம் சறுக்கும், மண் இறுகும். சாலையில் காற்று குறைந்தால் பக்கவாட்டு நெளிந்து வெடிக்கும், ரிம்மில் டயர் நகர்ந்து டியூபின் வால்வு அறும். வாரம் ஒரு முறை, காலையில் டயர் சூடேறும் முன் அளந்து பார்ப்பது நலம்.

சறுக்கலை அளப்பது எப்படி?

டயர் போதிய பிடிப்புடன் இருக்கிறதா என்பதை உழவரே கண்டறியலாம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். வயலில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே வயலில் வழக்கமான ஆழத்தில் உழுதுகொண்டே பத்துச் சுற்றின் தூரத்தை அளக்க வேண்டும். முதல் தூரம் 40 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் எனில் குறைவு 6 மீட்டர். அதாவது சறுக்கல் 100-க்கு 15.

காய்ந்த நில உழவில் 10 முதல் 15 வரை சறுக்கல் இருப்பது சரியான அளவு. 20-ஐத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாகின்றன. அப்போது உழவின் ஆழத்தைக் குறைக்கலாம், அல்லது சக்கரத்துக்கு எடை கூட்டலாம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து வால்வு மட்டம் வரை தண்ணீர் நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிறையும். ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 100 கிலோ எடை கூடும். சறுக்கல் மிகக் குறைந்து, பட்டனின் தடம் அச்சு வார்த்தாற்போல் மண்ணில் பதிந்தால் எடை அதிகம் என்று அறியலாம். சேற்றுழவுக்குப் போகும் முன் இந்த எடையை இறக்கிவிட வேண்டும். இல்லையேல் டிராக்டர் புதையும்.

உயிருக்கு உலை வைக்கும் தவறு

சேற்றில் புதைந்த டிராக்டரை மீட்கப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி ஓட்டும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. கட்டை மண்ணில் முட்டிச் சக்கரம் நின்றுபோனால், எஞ்சினின் விசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்கும் முன்பே வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து அவர் மேல் விழுந்துவிடும். கருவியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் பின்னால் மண்ணை வெட்டி, பின்னோக்கி மெதுவாக எடுக்க முயல வேண்டும். முடியாவிட்டால் கெட்டித் தரையில் நிற்கும் மற்றொரு டிராக்டரால் நீண்ட கயிறு கட்டி இழுக்க வேண்டும். அப்போது அருகில் எவரும் நிற்கக் கூடாது.

பராமரிப்பு

டீசலும் எண்ணெயும் ரப்பரை அரிக்கும். சிந்தினால் உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும். வேலையில்லாத மாதங்களில் நிழலில் நிறுத்தி, கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்கலாம். இரு பின்டயர்களையும் ஒரே சமயத்தில், ஒரே வகையில் மாற்றுவது நல்லது.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும் உழவர், வேலை நேரம் எழுதிய அந்த நோட்டையும் கையில் எடுத்துச் செல்லட்டும். எந்த டயர் வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.