துர்க்கம் ஏறலாம், வாங்க!

மலை ஏற வேண்டும் என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போக வேண்டுமா, சுட்டிகளே? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள கெலமங்கலத்துக்கு வாருங்கள். அங்கிருந்து ராகி வயல்களையும் தக்காளித் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே பேருந்தில் ராயக்கோட்டைக்குப் போகலாம். ஊரை ஒட்டி ஒரு பெரிய பாறை மலை. அதன் உச்சியில் ஒரு கோட்டை! இன்று நாம் ஏறப்போவது அதில்தான்.

இந்தப் பக்கத்து மலைகள் பலவற்றின் பெயரில் 'துர்க்கம்' என்ற சொல் வரும். எளிதில் போய்ச் சேர முடியாத இடம் என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் எதற்காகக் கோட்டை கட்டினார்கள்?

வழியின் சாவி

தர்மபுரி, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஓசூரோ சுமார் 900 மீட்டர் உயரத்தில். அதனால்தான் ஓசூரில் வெயில் கொஞ்சம் குறைவு. ரோஜாவும் நன்றாக வளர்கிறது. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நிலம் படிக்கட்டு போல உயர்கிறது. ஆனால், நினைத்த இடத்தில் எல்லாம் மேலே ஏறிவிட முடியாது. மலைகளுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தாக்கும் கணவாயும்தான் வழி. அப்படி ஒரு கணவாயைக் காவல் காப்பது போல நிற்கிறது ராயக்கோட்டை மலை. கோட்டை யார் கையிலோ, வழியின் சாவியும் அவர் கையில்!

மைசூரை ஆண்ட திப்பு சுல்தானிடம் இருந்த இந்தக் கோட்டையை, 1791 ஜூலையில் ஆங்கிலேயர் படை பிடித்தது. 1799 மார்ச்சில், ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டினத்தை நோக்கிப் போனது. பீரங்கிகளை இழுத்தவை மாடுகள். அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி நடந்த போரில் திப்பு வீர மரணம் அடைந்தார்.

மெல்ல ஏறுங்கள்

சரி, ஏறலாமா? பெரியவர்களுடன் மட்டுமே போக வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு அல்லது ஷூ அவசியம்.

ஓடி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செங்குத்தான இடத்தில் நேராக ஏறாமல், வளைந்து வளைந்து ஏறுங்கள். ஏறும்போதே நண்பனிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பேச முடியவில்லையா? வேகம் அதிகம் என்று அர்த்தம்! மழை பெய்த பாறை வழுக்கும். இடி இடித்தால் உச்சியில் நிற்கவே கூடாது. இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டால் வலி குறையும்.

நீங்கள் மிதிக்கும் பாறைக்கு என்ன வயது தெரியுமா? 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! டைனோசர்கள் எல்லாம் இதற்கு முன்னால் குழந்தைகள்தான். கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். இது மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம்.

உச்சியிலிருந்து...

மேலே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கீழே பாருங்கள். சாலை மலைகளுக்கு நடுவே நெளிந்து போகும். தர்மபுரியிலிருந்து ஓசூர் போகும் ரயில் பாதையும் ராயக்கோட்டையைத் தொட்டுத்தான் போகிறது. அன்று படைகள் தேடிய அதே சரிவைத்தான் இன்று ரயிலும் தேடுகிறது!

இந்தப் பள்ளத்தாக்குகளில் நடக்கும் இன்னொருவரும் உண்டு. யார் தெரியுமா? யானை! கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக, கெலமங்கலத்துக்கு அருகில் உள்ள ஊடேதுர்க்கம் காடு வரைக்கும் வருவது உண்டு. ராகி விளையும் காலம் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஒரு பெரிய யானை ஒரு நாளில் 150 கிலோ வரை தின்னும். ராத்திரி முழுவதும் கண் விழித்து வயலைக் காக்கும் விவசாயிக்கோ, பல மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். பாவம் இல்லையா?

யானைதான் பாவம் என்றும் சொல்லலாம். அது நடந்த வழியில் இன்று தொழிற்சாலை, வீட்டு மனை, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை எல்லாம் வந்துவிட்டன. படை போன வழியை வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கிறோம். ரயில் வழிக்கு வரைபடம் இருக்கிறது. யானையின் வழியை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டதால் காட்டின் ஒரு பகுதிக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. ஆனால், யானைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கோடு தெரியாதே!

அதனால், மலை ஏறுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. காட்டுக்குள் இருக்கும் மலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மாலை மங்குவதற்குள் இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வழி யானையுடையது. பிளாஸ்டிக் பையையோ, சாப்பிட்ட மிச்சத்தையோ விட்டு வராதீர்கள்.

உங்கள் ஊர் மலைமேல் நின்றாலும், மாடிமேல் நின்றாலும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சாலை எங்கே வளைகிறது? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பறவையும் விலங்கும் எந்த வழியாகப் போகின்றன? நமக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவர்கள் யார் என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். கேட்டு, ஒரு வரைபடம் வரைந்து பாருங்களேன், சுட்டிகளே!